சுருளி குரைத்த பக்கம்

சுருளி குரைத்தது. இரண்டு வெட்டு, பிறகு ஒரு நீண்ட இழுப்பு, இழுப்பின் கடைசியில் எண்ணெய் காணாத கீல் போல ஒரு கிறீச். ஜோயல் டீத் தம்ளரை வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு காதைக் கொடுத்தான். சந்தேகமே இல்லை, சுருளியேதான். குட்டியாக இருந்தபோது தொண்டையில் கோழி எலும்பு சிக்கி, அதை எடுத்த பிறகு ஒட்டிக்கொண்ட கிறீச் அது. குரங்கணி மலையில் வேறெந்த நாய்க்கும் கிடையாது. அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, கீழே குனிந்து பார்க்கிற வரைக்கும்.

சுருளி அவன் காலடியில் படுத்திருந்தது. முகவாயை முன்னங்கால்மேல் வைத்து, வாயை மூடிக்கொண்டு. காது மட்டும் சத்தம் வந்த பக்கம் திரும்பியிருந்தது.

சாயங்காலம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை. ஆனால் அந்த மலையில் ஐப்பசிக்குக் கடிகாரம் கிடையாது. மத்தியானம் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் மேலேயிருந்து கோட இறங்கிவிடும். மூடுபனிக்கு எஸ்டேட்காரர்கள் மலையாளத்திலிருந்து இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத பெயர் அது. முதலில் நிழல் மரங்களின் தலை போகும், பிறகு ஆள் உயரத்துக்கு நிற்கும் ஏலச்செடிகளின் நீளத் தோகைகள் போகும், பிறகு இரும்புக் கேட்டு போகும், கடைசியில் வராந்தாவின் படிகள் ஒவ்வொன்றாகப் போகும். மிச்சமிருப்பது இலைக்கு இலை இறங்கும் சொட்டுச் சத்தமும், நனைந்த மண்ணோடு ஏலத்தட்டை மக்கும் இனித்த வாடையும், தகரக் கூரைமேல் யாரோ மெல்ல நடந்து பழகுவதுபோல விட்டுவிட்டுப் பெய்யும் மழையும்தான்.

எதிரொலி என்று ஜோயல் முடிவு செய்தான். படித்தவன் எதையாவது முடிவு செய்தாக வேண்டும். எதிரொலிக்கு முதலில் ஒரு ஒலி வேண்டும் என்பது, தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

ஜோயலின் அப்பா போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்தார். அவர் விற்றது ஏலக்காய். ஜோயல் விற்றது அனுபவம். அப்பா விட்டுப்போன எஸ்டேட்டு பங்களாவுக்கு வெள்ளையடித்து, மூங்கில் நாற்காலி போட்டு, ‘மிஸ்ட் & மௌனம்’ என்று மரப்பலகையில் செதுக்கி மாட்டியிருந்தான். ‘இங்கே உங்கள் மூச்சு உங்களுக்கே கேட்கும்’ என்று அதற்குக் கீழே ஒரு வரி. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் தங்கள் மூச்சைக் கேட்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குச் சுருளியும் கேட்டது. சுருளி கோம்பை நாய். பக்கத்து ஊர்ப் பெயரையே இனத்தின் பெயராகச் சுமக்கிற, கறுத்த மூஞ்சியும் செம்மண் உடம்புமாக இருக்கிற சாதி. பன்றிக்குக் குரைக்கும், புது ஆளுக்குக் குரைக்கும், சிறுத்தை போன தடத்துக்குக் குரைக்கும், சும்மா நகரும் கோடவுக்கும் குரைக்கும். மௌனம் என்று போட்டிருக்கிறார்கள், நாய் குரைக்கிறது என்று ஒருவர் இணையத்தில் இரண்டு நட்சத்திரம் கொடுத்தார். இந்த நாய்க்கு எங்கள் தியானத்தின் மேல் மரியாதை இல்லை என்று ஒரு அம்மாள் எழுதினார்.

போடி கால்நடை டாக்டர் ஜன்னத்திடம் போனபோது அந்தப் பெண் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். அது எதைப் பார்த்துக் குரைக்கிறதென்று முதலில் பாருங்கள், நீங்களும் அதைப் பார்த்துவிட்டீர்கள் என்று நாய்க்குத் தெரியப்படுத்துங்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தால் ஒரு ஈரல் துண்டு கொடுங்கள், கத்தாதீர்கள், கொஞ்ச நாள் பிடிக்கும். கொஞ்ச நாள் என்பதுதான் ஜோயலுக்குப் பிடிக்கவில்லை. தீபாவளி சீசன் வந்துகொண்டிருந்தது. அதற்குள் நாயை பி.எட். சேர்த்துப் படிக்க வைக்க முடியுமா என்று கிருபாராணியிடம் கேட்டான். மனைவி சிரிக்கவில்லை.

அப்புறம்தான் மதுரையிலிருந்து பிரேம்சிங் வந்திறங்கினார். பட்டாளத்துக்குப் போகாத பட்டாளத்துக் கால்சட்டை. கார்டில் ‘கேனைன் மைண்ட் ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டிருந்தது. ஓநாய்க் கூட்டம் எப்படி இயங்குகிறது என்று வராந்தாவில் நின்று அவர் ஆற்றிய உரையை ஜோயல் வீடியோ எடுத்தான். நீங்கதான் சார் லீடர், அது ஃபாலோயர் என்று முடித்தார். வீட்டில் அதுவரைக்கும் யாரும் ஜோயலை அப்படிச் சொன்னதில்லை. பிறகு பெட்டியைத் திறந்து அந்தக் கழுத்துப்பட்டையை எடுத்தார். கறுப்பு வார், தொண்டைக்கு நேராக ஒரு சின்னப் பெட்டி, பெட்டியிலிருந்து உள்பக்கமாக நீண்ட இரண்டு மழுங்கிய உலோக முனைகள். தொண்டை அதிர்ந்தால் முனை சுண்டும்.

“கரண்டுன்னு சொல்லாதீங்க சார். ஸ்டிமுலேஷன்.”

“அப்ப நீங்க ஒருக்கா கட்டிக் காமிங்க அங்கிள்” என்றாள் அபிஷா. ஐந்தாவது படிக்கிற மகள். பிரேம்சிங்குக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது.

முதல் நாள் சுருளி குரைத்தது. சுண்டியது. வலியில் அலறியது. அலறலும் தொண்டையில்தானே, அதற்கும் ஒரு சுண்டு. தன் தொண்டைக்குள்ளேயே யாரோ ஒளிந்திருந்து அடிப்பதைக் கண்டுபிடிக்க முடியாமல் முற்றத்தில் சுழன்று சுழன்று கழுத்தைத் தரையில் தேய்த்தது. அபிஷா ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டாள். ஜோயல் உள்ளே போய் ரேடியோ போட்டான். வாரம் முடிவதற்குள் சுருளி குரைப்பதை விட்டது. பிரேம்சிங் கட்டைவிரலை உயர்த்திய படம் அனுப்பினார்.

கிருபாராணி சண்டை போடுகிற ஆள் இல்லை, துணியை மடித்துப் பையில் வைக்கிற ரகம். மகளின் பள்ளிக்கூடத்துக்காக அவர்கள் வாரநாளில் போடியில் அம்மா வீட்டில் இருப்பதும் வெள்ளிக்கிழமை ஜீப்பில் மலையேறி வருவதும் வழக்கம். அந்த வழக்கம் நின்றது. காரணம் கேட்டதற்கு அபிஷாதான் போனை வாங்கிச் சொன்னாள்.

“சுருளி என்னிக்கு குலைக்குதோ, அன்னிக்குச் சொல்லுங்க. வர்றோம்.”

பட்டை கழன்று எத்தனையோ நாளாகிவிட்டது. கழற்றியது ஜன்னத். முனை பதிந்த இடத்தில் இரண்டு புண், சுற்றிலும் முடி உதிர்ந்து, சீழ் வைத்திருந்தது. களிம்பு போட்டுக்கொண்டே, ஜோயல் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

“குலைக்கிறது அதுக்குக் கெட்ட பழக்கம் இல்லண்ணே. அது பாக்குற சோலி. நிப்பாட்டிட்டீங்க. இனி அந்தச் சோலிய யாரு பாக்குறது?”

நாலு பக்கமும் கேமரா வைத்திருப்பதாக ஜோயல் தெரிவித்தான். கேமராக்கள் இப்போது நாலு பக்கமும் வெள்ளையைக் காட்டிக்கொண்டிருந்தன.

புண் ஆறியது. சத்தம் திரும்பவில்லை. கேட்டில் பால்காரன் நின்றால் சுருளி எழும், வாயைத் திறக்கும், தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். அதோடு சரி. உடனே கண்ணை இடுக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, வரப்போகிற அடிக்காகக் காத்து நிற்கும். அடி வராது. வராததை அது நம்பாது.

சீசனில் மழை வந்தது, ஆட்கள் வரவில்லை. மூங்கில் நாற்காலிகளில் பூஞ்சை பூத்தது. மௌனத்தை விற்க வந்தவன், விற்காத சரக்கோடு தனியாக உட்கார்ந்திருந்தான். ராத்திரியில் மூச்சு உண்மையிலேயே கேட்டது. ஒரு மூச்சு அவனுடையது, ஒன்று நாயுடையது. மூன்றாவது ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிற பழக்கம் எப்போது வந்தது என்று அவனுக்கு நினைவில்லை.

அந்த முதல் குரைப்புக்குப் பிறகு, கோட இறங்கும்போதெல்லாம் அது வந்தது. வெயில் அடித்தால் வராது. ஒருநாள் காய் உலர்த்தும் ஏல ஸ்டோருக்கு மேலே. ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். பிறகு எப்போதும் இடதுபக்கச் சரிவில், பள்ளத்துப் பக்கம். போன மழையில் மண் சரிந்து, ஏலச்செடி போட்டிருந்த பாதித் தோட்டத்தோடு மலை இறங்கிப்போன இடம். அந்தப் பக்கம் வீடு கிடையாது. நாய் கிடையாது. நிற்பதற்குத் தரையே கிடையாது. ஜோயல் டார்ச்சு அடித்துப் பார்த்தான். வெளிச்சம் கொஞ்ச தூரம் போய், சுவரில் முட்டினதுபோல வெள்ளையில் முட்டி நின்றது. குரைப்பும் நின்றது. அவன் டார்ச்சை அணைத்தான். குரைத்தது. ஏற்றினான். நின்றது. இரண்டாவது தடவை அதைச் செய்து பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

பிரேம்சிங்குக்குப் போன் போட்டான். பள்ளத்தைப் பற்றிச் சொல்லவில்லை, நாயை மறுபடி குரைக்க வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டான். அதுக்கு வேற பேக்கேஜ் இருக்கு சார் என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டிருக்கும் நேரத்தில், ஜோயல் வராந்தாவின் மேற்கு மூலையில் போய் நின்றான். அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அது, அதுவும் கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்து நின்றால்தான். பேச விஷயம் எதுவும் இல்லை. மழையைச் சொன்னான், ஏலம் தூர் அழுகுவதைச் சொன்னான், சமைத்தாயிற்றா என்று கேட்டான். கிருபாராணி ம் போட்டாள். போடியின் பஸ்சு ஆரன்களும், தாழ்வாரத்தில் யாரோ வெங்காயம் தாளிக்கிற சத்தமும், மாமியார் வீட்டு டிவியும் போன் வழியாக வந்து அவன் காதில் விழுந்தன. கை நீட்டினால் தொட்டுவிடலாம்போல இருந்தது. போனை வைத்தால் இதெல்லாம் போய்விடும் என்பதற்காகவே அவன் பேசிக்கொண்டிருந்தான்.

அப்போது பள்ளத்திலிருந்து குரைத்தது. இரண்டு வெட்டு. ஒரு இழுப்பு. கிறீச்.

போனில் எல்லாச் சத்தமும் நின்றது. பிறகு அபிஷாவின் குரல், வாயைப் போனில் அமுக்கி வைத்துக்கொண்டு.

“அப்பா. சுருளியா?”

ஜோயல் திரும்பிப் பார்த்தான். சுருளி வாசலுக்கு உள்பக்கம், நிலைக்கட்டையை ஒட்டி நின்றிருந்தது. வால் வயிற்றுக்கு அடியில். வாய் மூடியிருந்தது. அது பள்ளத்தைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை அவன் இழுக்கவும் செய்தான்.

“ஆமாம்மா. சுருளிதான்.”

மகள் கத்தின கத்தலில் போன் அதிர்ந்தது. கிருபாராணி போனை வாங்கினாள். அவள் குரல் பல வாரங்களுக்கு முன்னால் இருந்த மாதிரி இருந்தது. நெசமாவா என்று கேட்டாள். நெசமா என்றான். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் வருகிறோம், மீன் வாங்கி வரட்டுமா என்றாள். வாங்கி வா என்றான். போனை வைத்த பிறகு நெடுநேரம் சிரித்த முகத்தோடு அங்கேயே நின்றான். வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். வந்துவிட்டால் போதும். நாய்க்கு அன்று தொண்டை சரியில்லை என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

பள்ளத்தில் மறுபடி குரைத்தது. இந்த முறை உற்சாகமாக. யாரோ வருவது தெரிந்துவிட்ட நாய் குரைக்கிற மாதிரி.

சனிக்கிழமை காலையில் முனியாயி வந்தாள். ஏலக்காய் பறிக்க வருகிற பெண்களில் அந்த மழையிலும் வேலைக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். படியேறவில்லை. முற்றத்தில் நின்றாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சிராய்ப்பு, புடவைக் கரையெல்லாம் சிவப்பு மண்.

அந்தச் சரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஜீப்பு கீழ் வளைவோடு நின்றுவிடும், அதற்கு மேல் பாதை ஏலத்துக்குள் ஒற்றையடியாக ஏறி, பாதிவழியில் இரண்டாகப் பிரியும். வலது கை பங்களாவுக்கு. இடது கை முன்பு தோட்டத்துக்குப் போனது, இப்போது பள்ளத்தில் போய் அறுந்து தொங்குகிறது. கோட இறங்கிவிட்டால் இரண்டும் ஒன்றுதான், கையை நீட்டினால் கையே தெரியாது. அப்போது யாரும் கண்ணை நம்புவதில்லை. பிரிவில் நின்று வீட்டு நாய்க்குக் காது கொடுப்பார்கள், சத்தம் வந்த பக்கம் காலை வைப்பார்கள். எந்த எஸ்டேட்டு நாய்க்கு என்ன குரல் என்று மலையில் எல்லோருக்கும் அத்துபடி. மௌனம் விற்கத் திட்டம் போட்டபோது ஜோயலுக்கு இது ஞாபகத்துக்கு வரவில்லை. அவன் ஏறி வருவது எப்போதும் நல்ல வெயிலில், ஜி.பி.எஸ். பார்த்துக்கொண்டு.

“நேத்து வேல முடிஞ்சு கெளம்புறப்ப கோட எறங்கிருச்சு அப்பு” என்றாள் முனியாயி. “பாதை தெரியல, பங்களாவுக்கே திரும்பிருவோம்னு பாத்தேன். நம்ம நாய் குலைச்சுச்சு. அது பின்னாடியே போனேன். காலத் தூக்கி வைக்கிறேன், கீழ மண்ணு இல்ல.”

ஏலத்தட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தொங்கித்தான் ஏறியிருக்கிறாள். அதைக் கையால் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“விழல. விழலேன்னதும் நிப்பாட்டிருச்சு. நான் எந்தப் பக்கம் திரும்புறேன்னு பாக்குறாப்ல சத்தமில்லாம இருந்துச்சு. அப்புறம் ரொம்பக் கிட்டக்க, எங் காலுக்குக் கீழ இருந்து, மெல்ல ஒரு தடவ குலைச்சுச்சு அப்பு. கொஞ்சுற மாதிரி.”

வாசலில் நின்ற சுருளியை அப்போதுதான் பார்த்தாள். நேற்று இது எங்கே இருந்தது என்று கேட்டாள். என்னோடுதான் இருந்தது என்றான் ஜோயல். அவள் இடுப்பில் கட்டியிருந்த ஏலக்கூடையை அவிழ்த்து முற்றத்திலேயே வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வெயில் இருக்கும்போதே கீழ் வளைவுக்கு இறங்கிப் போனாள்.

சொல்லியாக வேண்டும். ஜோயல் மேற்கு மூலைக்குப் போனான். சிக்னல் இல்லை. கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றான். இல்லை. மழையில் டவர் படுத்திருந்தது. பரவாயில்லை, நாளைதானே வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். காலையில் தானே கீழே இறங்கிப்போய் ஜீப்பை மறித்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். சொல்ல வேண்டிய வாக்கியத்தை யோசித்தான். நான் பொய் சொன்னேன் என்பதை எப்படித் திருப்பிப் போட்டாலும் அது நான் பொய் சொன்னேன் என்றே வந்து நின்றது. அந்த வாக்கியத்தைச் சொன்னதும் ஜீப்பு வந்த வழியே திரும்பிப் போவதும் தெரிந்தது.

வேறொரு வழி இருந்தது. சுருளி குரைத்துவிட்டால், அது பொய்யாக இருக்காது.

ஃபிரிட்ஜில் கிடந்த கோழி ஈரலை வேகவைத்து, துண்டு போட்டு, வராந்தாவின் மேற்கு மூலையில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சம்மணமிட்டு உட்கார்ந்தான். ஜன்னத் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டான். மெதுவாகப் பேசு. கத்தாதே. பேர் சொல்லு. அது எதைச் செய்தாலும் பாராட்டு. அன்பையும் ஒரே மத்தியானத்தில் முடித்துக் காட்டும் தீர்மானத்தில் இருந்தான் ஜோயல். சுருளி வந்தது. ஈரலை வாங்கிக்கொண்டது. அவன் தொண்டையைத் தடவியபோது உடம்பு பலகை மாதிரி விறைத்தது. அந்த இரண்டு தழும்பும் விரலுக்கு வழுவழுவென்று தட்டுப்பட்டன.

“குலைடா. ஒரு தடவ. அப்பாவுக்காக.”

சுருளி அவனைப் பார்த்தது. அதற்குப் புரிந்துதான் இருந்தது. வாயைத் திறந்தது. தொண்டை ஏறியது, இறங்கியது. பல் தெரிய, நாக்கு மடிய, ஒரு குரைப்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்தது. சத்தம் மட்டும் இல்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, காதை ஒட்டவைத்து, அடிக்காகக் காத்தது.

அந்த வாய் மூடிய கணம், பள்ளத்திலிருந்து குரைத்தது.

ஜோயலின் கையிலிருந்த ஈரல் துண்டு கீழே விழுந்தது. தற்செயல். மறுபடி, மெதுவாக, குலைடா என்றான். சுருளி வாயைத் திறந்தது. மூடியது. பள்ளத்தில் சத்தம். இரண்டு வெட்டு, ஒரு இழுப்பு. அவன் பேசாமல் இருந்தான். சுருளி தானாகவே, நடுங்கிக்கொண்டு, மூன்றாவது முறையாக வாயைத் திறந்தது. போதும் என்று ஜோயல் இரண்டு கையாலும் அந்த வாயைப் பொத்தினான்.

வாய் அவன் கைக்குள் இருந்தது. குரைப்பு வெளியே இருந்தது.

நிமிர்ந்தபோது இரும்புக் கேட்டு கண்ணில் இல்லை. கோட படிவரைக்கும் வந்திருந்தது. ஏலச்செடிகள் இருந்த இடத்தில் வெள்ளை நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மணி ஐந்துகூட இல்லை, விளக்குப் போடுகிற இருட்டு. குளிர் வராந்தாவின் சிமெண்டுத் தரை வழியாகத் தொடைக்கு ஏறியது.

சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. டவருக்கு உயிர் வந்து, வந்த வேகத்தில் போயிருந்தது. அந்த இடைவெளியில் ஒரே ஒரு செய்தி நுழைந்திருந்தது. கிருபாராணி. மத்தியானமே அனுப்பியது.

‘இவ நாளைக்கு வரைக்கும் பொறுக்க மாட்டேங்கிறா. இன்னிக்கே கெளம்பிட்டோம். நீங்க மழையில எறங்கி வர வேணாம். கோடயா இருந்தா சுருளி சத்தத்த வச்சு ஏறி வந்துர்றோம்.’

கீழே, வெகு கீழே, ஒரு ஜீப்பு வளைவில் திரும்பி இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும் காலி ஜீப்பின் சத்தம்.

ஜோயல் ஓடினான். செருப்பில்லாமல். டார்ச்சு கையில் இருந்தது, அது அவன் முகத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவரைத்தான் காட்டியது, அணைத்தான். காலுக்குப் பழகிய பாதை. தோகைகள் முகத்தில் அறைந்தன. ஈரம் கண்ணுக்குள் இறங்கியது. பக்கத்தில் சுருளி ஓடிவருவது தெரிந்தது, அதன் மூச்சு. கத்திக்கொண்டே ஓடினான். அபி. நில்லு. அங்கேயே நில்லுங்க. வேர் தட்டி விழுந்தான். எழுந்தான். மறுபடி கத்தினான். கத்திய சொல்லைக் கோட வாயிலிருந்தே வாங்கிக்கொண்டது, முன்னால் போகவிடவில்லை.

பள்ளத்தில் குரைத்தது. ஓயாமல். வா வா என்று.

“சுருளீ” என்று அபிஷா பதிலுக்குக் கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டு. இவ்வளவு பக்கத்தில்.

பிரிவுக்கு வந்துவிட்டான். இடது பாதையில், சரிவுக்குக் கீழே, வெள்ளைக்குள் மங்கலாக இரண்டு வெளிச்சம். செல்போன் வெளிச்சம். ஒன்று பெரியவள் கை உயரத்தில், அதற்கு முன்னால் ஒன்று சின்னவள் உயரத்தில். ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தன.

“கிருபா. நில்லு. அங்க நாய் இல்ல. சுருளி இந்தா எங்கிட்ட இருக்கு.”

வெளிச்சங்கள் நின்றன.

“ஏங்க?” கிருபாராணியின் குரல். “எங்க இருக்கீங்க? அங்கிட்டா, இங்கிட்டா?”

“இங்கிட்டு” என்று கத்தினான்.

இங்கிட்டு என்றது பள்ளம்.

அவன் குரல். அவன் கத்தினதைவிடத் தெளிவாக. மூச்சு வாங்காமல்.

“இங்கிட்டு வாங்க” என்றது. அதை அவன் சொல்லவில்லை.

“அப்பாதாம்மா. அப்பாவும் சுருளிகூட அங்கதான் நிக்கிறாரு” என்றாள் அபிஷா.

இல்லை என்று கத்த ஜோயல் வாயைத் திறந்தான். தொண்டை ஏறியது. இறங்கியது. பல், நாக்கு, நெஞ்சில் நிறைந்த காற்று, எல்லாம் இருந்தது. சத்தம் இல்லை. மறுபடி. இல்லை. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி. அவனுக்கு அருகில் சுருளியும் வாயைத் திறந்து நின்றது. அதே அகலம். அதே வெறுமை. இரண்டு வாயிலிருந்தும் ஆவி மட்டும் வந்தது.

கீழே நாய் குரைத்தது. கீழே அவன் சிரித்தான்.

ஜோயல் இடது பாதையில் பாய்ந்தான். மண் வழுக்கியது. விழுந்து, தட்டையைப் பிடித்து, பிடித்த தட்டை வேரோடு வர, இழுபட்டு நின்றான். வெளிச்சங்கள் தூரத்தில் இருந்தன. அவசரமில்லாமல் இறங்கின. கையால் மண்ணை அடித்தான். கல்லை எடுத்து எறிந்தான். கல் எங்கும் விழுந்த சத்தமே வரவில்லை.

“மெதுவா” என்றது பள்ளத்திலிருந்து அவன் குரல். அவன் ஒருநாளும் மகளிடம் பேசியிராத பொறுமையோடு. “வழுக்கும். அவசரமில்ல. கையக் குடு, அப்பா புடிச்சுக்கிறேன்.”

சின்ன வெளிச்சம் நின்றது. பிறகு, அப்பாவுக்குக் கை கொடுப்பதற்காக, முன்னால் சாய்ந்தது.